பழைய ஜொகூர் பாரு ரயில் நிலையமும் அங்கு வழங்கிய தமிழும்



இப்பொழிவுத் தொடரில் பேச என்னை அழைத்த அமைப்பாளர்கள், நான் இலக்கணம் பற்றியோ சொற்பிறப்பு பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் கேட்டுப் பெற்ற தலைப்போ ஒரு ரயில் நிலையம். அதுவும் 2010ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாளோடு பணி நின்றுபோன நிலையம். அன்று முதல் ஜொகூர் பாருவின் ரயில்கள் ஜேபி சென்ட்ரல் என்னும் புதிய நிலையத்திற்கு வரத் தொடங்கின. உங்களில் பலர் நாள்தோறும் அந்தப் புதிய நிலையத்தின் வழியாகச் சிங்கப்பூருக்குப் போய் வருகிறீர்கள். சற்றுத் தள்ளி நிற்கும் பழைய கட்டடத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருப்பீர்கள்?

அந்த நிலையத்தின் வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு அங்கே புழங்கிய சொற்களுக்கு வருவேன். என் தொழில் சொற்களோடுதான். கட்டடக் கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

1855இல் தஞ்சோங் புத்திரி என்னும் மீனவர் குடியிருப்பில் புதிய ஊர் ஒன்று எழுந்தது. 1866இல் அபு பக்கார் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். ‘ஜொகூர்’ என்பது மணியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். ‘பாரு’ என்றால் புதியது. அந்தப் புத்தூருக்கு ரயில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அபு பக்காருக்கு மிக முன்னதாகவே இருந்தது. 1869இல் குனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு ரயில் பாதை தொடங்கப்பட்டது. அதில் இரும்புக் கம்பிகள் இல்லை. மரத்தாலேயே பாதை அமைத்தார்கள். அதைக் கறையான் தின்றுவிட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் ரயில் 1885இல் ஓடுவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே ஒருவர் இங்கே அந்தக் கனவைக் கண்டிருக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கறையான் தின்ன முடியாத பாதை 1909இல் வந்தது. ஜொகூர் அரசின் செலவில், கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே அமைத்த கிம்மாஸ் - ஜொகூர் பாரு பாதை அவ்வாண்டு ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. வடக்கே பிறையிலிருந்து தெற்கே நீரிணைக் கரை வரை ஒரே தொடராக ரயில் ஓடத் தொடங்கியது அன்றுதான். நம் நிலையமும் அவ்வாண்டில் பிறந்ததே. அது அப்போது ஒரு முடிவிடம். அங்கே இறங்கிய பயணி படகேறி நீரிணையைக் கடந்து, உட்லண்ட்ஸ் கரையில் மீண்டும் ரயிலேற வேண்டும். சரக்குப் பெட்டிகளையும் தெப்பத்தில் ஏற்றித்தான் கடத்தினார்கள். 1919இல் தொடங்கிய கடற்பாலப் பணி நிறைவுறும் தறுவாயில், 1923ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பயணி ரயில்கள் நீரிணையைக் கடந்தன. 1924 ஜூன் மாதத்தில் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. அன்று முதல் ஜொகூர் பாரு முடிவிடமன்று, வழியிடம். 1932இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் உயர்ந்த மண்டபத்தோடும் முகப்புச் சிலைகளோடும் எழுந்தபோது எல்லாருடைய கண்ணும் அங்கே போய்விட்டது. நம் நிலையம் அடக்கமாக வேலை செய்துகொண்டிருந்தது.

போர்க்காலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1942 ஜனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை உடைத்துவிட்டுச் சென்றது. ஜப்பானியர் அதைச் சீர்செய்த பிறகு, சிங்கப்பூரில் சிறைப்பட்ட போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துச் சயாமுக்குக் கொண்டுசென்ற ரயில்கள் இந்த ஊர் வழியாகத்தான் போயின. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களும் அதே சயாம் - பர்மா பாதைக்குப் போனார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை ஆசிரியர்கள் அறிவீர்கள். எங்கள் ரயில்வே லயத்தில் ‘சயாமுக்குப் போனவர்’ என்று சொன்னால், அவர் திரும்பவில்லை என்று பொருள். திரும்பி வந்தவரைச் ‘சயாம்காரர்’ என்றார்கள். ஒரே ஊர்ப்பெயர், விகுதி ஒன்று சேர்ந்தால் உயிர், சேராவிட்டால் சாவு. இலக்கண வகுப்பில் விகுதியின் ஆற்றலை விளக்க இதைவிடக் கொடிய சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

என் தந்தையார் தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் வேலை பார்த்தவர். ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று பாதையோரமாகவே இடம்மாறி, கடைசியில் ஜொகூர் பாருவுக்கு வந்து சேர்ந்தார். ரெங்கத்தில் இருந்தபோது என் பாட்டி அந்த ஊர்ப்பெயரைக் கேட்டு, ‘ஸ்ரீரங்கத்துக்கே வந்துட்டோம்’ என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

அந்தக் குழுவினர் ரயில் பாதையை இருப்புப்பாதை என்று சொன்னதில்லை. ‘கம்பிச் சடக்கு’ என்பார்கள். சடக்கு என்பது சாலையைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். இந்த நாட்டுத் தமிழில் வேரூன்றிவிட்டது. அதன்முன் கம்பியைச் சேர்த்தால் ரயில் பாதை. இதற்கும் இருப்புப்பாதை என்னும் நூல்வழக்குக்கும் பொருளில் வேறுபாடில்லை. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இரும்புவழி என்றே பெயரிட்டார்கள். ஆனால் இருப்புப்பாதை மேசையில் பிறந்த சொல். கம்பிச் சடக்கு வெயிலில் பிறந்தது.

வண்டிக்கு வந்த பெயர்களைப் பாருங்கள். மலாய் மொழி ‘கெரெத்தாப்பி’ என்றது, தீவண்டி. சீன மொழியும் அவ்வாறே தீயைக் கண்டது. தமிழ் தீயைப் பார்க்கவில்லை, புகையைப் பார்த்தது, புகைவண்டி என்றது. 1957 முதல் மலாயா ரயில்வேயில் டீசல் இஞ்சின்கள் வந்தன. பிறகு தீயும் போயிற்று, பழைய புகையும் போயிற்று. பெயர்கள் மட்டும் போகவில்லை. மக்கள் நாவில் நின்றதோ ‘ரயில்’. ஆங்கிலத்தில் கம்பியைக் குறிக்கும் சொல், தமிழில் அதன்மேல் ஓடும் வண்டிக்கு ஆகிவந்தது. ஆகுபெயருக்கு நன்னூல் உரைகளில் சான்று தேடும் மாணவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

கெரெத்தாப்பியின் முற்பகுதியான ‘கெரெத்தா’ போர்த்துக்கீசியரிடமிருந்து மலாய்க்கு வந்த சொல். அதே சொல் இலங்கைத் தமிழில் ‘கரத்தை’ என்று வண்டியைக் குறிக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு நிலைய அதிபர் கெரெத்தா என்ற மலாய்ச் சொல்லைக் கேட்டபோது, தம் ஊர்ச் சொல்லின் உடன்பிறப்பைத்தான் கேட்டார். குழுத் தலைவரை ‘மண்டோர்’ என்றார்களே, அதுவும் போர்த்துக்கீசிய மூலம் உடையது. இவர்கள் இங்கே ஆண்ட காலத்தில் உலகில் ரயிலே இல்லை. ஆனாலும் அவர்களுடைய சொற்கள் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தைச் சொன்னேன். இந்நாட்டு ரயில்வேயின் தொடக்கமே இலங்கையோடு தொடர்புடையது. தைப்பிங் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. பின்னர் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் கிராணிகளாகவும் நிலைய அதிபர்களாகவும் பெருந்தொகையில் வந்தார்கள். தண்டவாளத்தில் இறங்கி வேலை செய்தவர்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆக, ஒரே நிலையத்தில் இரண்டு தமிழ். மேடைமேல் ஒரு தமிழ், மேடைக்குக் கீழே ஒரு தமிழ். இது வெறும் வட்டார வழக்கு வேறுபாடன்று. சம்பள வேறுபாடு, குடியிருப்பு வேறுபாடு, பிள்ளைகள் படித்த பள்ளி வேறுபாடு. இதை மழுப்பிச் சொல்லி நம் வரலாற்றை அழகாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இரண்டும் சந்தித்த இடங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தார் ரயிலைக் ‘கோச்சி’ என்பர். என் தந்தையார் சொன்ன நிகழ்ச்சி இது. ஒரு நாள் நிலைய அதிபர் மேடையிலிருந்து, ‘கோச்சி வருகுது, எல்லாரும் விலகுங்கோ’ என்று குரல் கொடுத்திருக்கிறார். கீழே இருந்த ஒருவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, ‘யாரு மேல மாஸ்டர் ஐயா, கோச்சிக்கிட்டு வருது?’ என்று கேட்டாராம். அதிபருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு அவரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு, வண்டி தாமதமானால் ‘இன்னும் கோவம் தணியல’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் லயத்தில் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதன் பிறப்பை அறிந்தது பின்னாளில்தான்.

‘கிராணி’ என்ற சொல் மலாயில் ‘கெரானி’. ‘கூலி’ மலாயில் ‘கூலி’யே. நம் ‘பெட்டி’ மலாயில் ‘பெத்தி’. மூன்று சொற்களும் இரு மொழிகளுக்கும் பொது. இஞ்சினை மலாய்க்காரத் தோழர்கள் ரயிலின் ‘கெப்பாலா’, அதாவது தலை, என்பார்கள். அது நாம் கபாலம் என்று வழங்கும் வடசொல்லே. நிலையத்தின் சரக்கு மேடையில் ஒரு தமிழரும் ஒரு மலாய்க்காரரும் பேசிக்கொண்டால், யார் யாருடைய மொழியைப் பேசுகிறார் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

சைகைக் கம்பத்திற்குக் ‘கைகாட்டி’ என்று பெயர். இது தாயகத்திலிருந்தே கொண்டுவரப்பட்ட சொல். கம்பத்திலிருந்து நீளும் தகடு கைபோல இறங்கி வழிகாட்டுவதால் வந்தது. தண்டவாளத்தின்கீழ்க் கிடக்கும் மரம் ‘சிலிப்பர் கட்டை’. ரயில்வே ஊழியர் குடியிருப்பும் தோட்டத்தைப் போலவே ‘லயம்’.

இப்போது ‘சாவி’க்கு வருகிறேன். மூன்றாவது போர்த்துக்கீசியச் சொல் இதுதான். நம் வீட்டுக் கதவின் சாவி அன்று, பாதையின் சாவி.

ஜொகூர்ப் பாதை நெடுங்காலம் ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில்கள் ஒரே கம்பியில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுக்க ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கென்று, இரு நிலையங்களிலும் இணைந்து இயங்கும் கருவிகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு வேளையில் ஒரே ஓர் அடையாளத் துண்டைத்தான் வெளியே எடுக்க முடியும். அது பெரிய சாவி வடிவில் இருக்கும். அதைக் கையில் வாங்கிய ஓட்டுநர் மட்டுமே அப்பகுதியில் நுழையலாம். அடுத்த நிலையத்தில் அதை ஒப்படைத்துக் கருவிக்குள் இட்ட பிறகே மற்றொன்றை எடுக்க இயலும். வளையத்தில் பொருத்திய அந்தச் சாவியை, நிற்காமல் செல்லும் ரயிலின் ஓட்டுநர் கைநீட்டி வாங்குவதும், முன்னையதை வீசிவிட்டுப் போவதும் சிறுவர்களாகிய எங்களுக்குப் பெரிய வேடிக்கை. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் இம்முறை 2011 ஜூன் 30 வரை, அதாவது அப்பாதையின் கடைசி நாள் வரை, நடந்தது.

அதிகாரிகள் அதை ‘டோக்கன்’ என்றார்கள். கீழே இருந்தவர்கள் ‘சாவி’ என்றார்கள். பிறகு அச்சொல் நிலையத்தை விட்டு வெளியே வந்தது. எங்கள் வீட்டில் எந்தச் செயலுக்கும் அம்மாவிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். ‘அம்மாகிட்ட சாவி வாங்கியாச்சா?’ என்பார் தந்தையார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றொருவர் குறுக்கிட்டால், ‘சாவி அவன்கிட்ட இருக்கு, நீ நில்லு’ என்பார். ஒரே பாதை, ஒரே சாவி, ஒருவர் பின் ஒருவர். ஒரு தொழில்நுட்பச் சொல் குடும்ப ஒழுங்கின் சொல்லாக மாறியதை, நான் எட்டு வயதில் என் வீட்டுச் சோற்றுத் தட்டின் முன் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இந்நாட்டுத் தோட்டத் தமிழ். மூன்று ஆண்டுகள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்தேன். ஒரு முறை சிகாமட்டிலிருந்து வீடு திரும்பிய இரவு, தந்தையார் அந்தக் கருவியைப் பார்த்து, ‘இதுல நம்ம சனம் பேசறதும் பதியுமா?’ என்று கேட்டார். ‘இது தோட்டத்து ஆய்வுப்பா, ரயில்வே இதுல வராது’ என்று சொன்னேன். ஆய்வெல்லை என்பதை அன்று நான் அவ்வளவு உறுதியாக நம்பியிருந்தேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் 1991இல் காலமானார். அவர் குரல் எந்த ஒலிநாடாவிலும் இல்லை. என் ஆய்வேட்டில் 400க்கும் மேற்பட்ட தொழிற்சொற்கள் உள்ளன. பால்வெட்டும் கத்திக்கு மட்டும் நான்கு பெயர்கள் தந்திருக்கிறேன். கைகாட்டி இல்லை, சாவி இல்லை, கம்பிச் சடக்கு ஓர் அடிக்குறிப்பில் மட்டும் இருக்கிறது.

இதைத் தன்னிரக்கத்திற்காகச் சொல்லவில்லை. நாம் எதை மொழி என்று எண்ணுகிறோம் என்பதில் ஒரு பிழை இருக்கிறது. அதை நானே செய்தவன் என்பதால் சொல்கிறேன். மலேசியத் தமிழர் என்றதும் ரப்பர் மரம் நினைவுக்கு வருகிறது. நம் கதைகளும் ஆய்வுகளும் பெரும்பாலும் அங்கேயே சுற்றி வந்தன. ரயில்வேயிலும் பொதுப்பணியிலும் துறைமுகத்திலும் பாடுபட்ட தமிழருடைய மொழிக்கு நாம் செலவிட்ட தாள் மிகக் குறைவு. 1962 டிசம்பரில் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. நாட்சம்பளக்காரர்களை மாதச் சம்பளக்காரர்களாக்க வேண்டும் என்பதே முதன்மையான கோரிக்கை. மூன்று வாரங்களுக்கு மேல் ரயில்கள் ஓடவில்லை. ‘மாசச் சம்பளம்’ என்ற தொடர் எங்கள் லயத்தில் எவ்வளவு எடையோடு ஒலித்தது என்பதை எந்த அகராதி சொல்லும்?

பிற்கால வரலாற்றை விரைந்து சொல்கிறேன். தஞ்சோங் பகார் நிலையத்தைப் பற்றி மலேசியாவும் சிங்கப்பூரும் 1990இல் உடன்பாடு செய்துகொண்டன. அது நிறைவேற இருபது ஆண்டுகள் ஆயிற்று. 2011 ஜூன் 30 இரவு அங்கிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராகிம் அவர்களே ஓட்டி வந்தார்கள். கடற்பாலம் திறக்கப்பட்டது அவர்களுடைய கொள்ளுப்பாட்டனார் காலத்தில். அந்த நிகழ்ச்சியை உலகமே படம்பிடித்தது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் நம் பழைய நிலையம் மூடப்பட்டபோது அத்தனை கூட்டம் இல்லை. ஊரார் பார்வையில், நிலையம் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறியது, அவ்வளவுதான்.

மாறியது கட்டடம் மட்டுமன்று. பழைய நிலையத்தின் பெயர் ‘ஜொகூர் பாரு’; புதியதன் பெயர் ‘ஜேபி சென்ட்ரல்’. அபு பக்கார் இட்ட பெயர் இரண்டு ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. 2015 ஜூலை முதல் அங்கிருந்து உட்லண்ட்ஸுக்கு ஷட்டல் தெப்ராவ் ஓடுகிறது. பயணம் ஐந்தே நிமிடம். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் நீளத்தில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் விரைவுப்பாதையும் திட்டமிடப்பட்டுக் கட்டப்பட்டது. இவை வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பாலத்தில் வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளைப் பார்ப்பவன் இவற்றை வேண்டாம் என்று சொல்ல மாட்டான்.

பழைய கட்டடம், ரயில்வே அருங்காட்சியகமாக்கும் எண்ணத்தோடு இடிக்கப்படாமல் விட்டுவைக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். கைவிளக்கு, கொடி, மணி, பயணச்சீட்டு அச்சிடும் பொறி இவற்றையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். அந்தச் சாவியையும் வைக்கலாம். அதன் கீழே என்ன பெயர் எழுதுவார்கள்? அதிகாரிகள் வழங்கிய பெயர் ஏடுகளில் இருக்கிறது. தண்டவாளத்தில் நின்றவர்கள் வழங்கிய பெயரை யாரேனும் போய்ச் சொன்னால்தான் உண்டு.

சென்ற ஆண்டு, தந்தையாரோடு வேலை செய்த ஒருவரைத் தேடிப்பிடித்தேன். வயது எண்பதைத் தாண்டியவர். செவி மந்தம், நினைவு தெளிவு. இரண்டு பிற்பகல்களில் 63 சொற்கள் சொன்னார். அவற்றுள் பதினொன்று நான் அதுவரை கேட்டிராதவை. மூன்றாம் முறை சென்றபோது, தண்டவாளத்தைத் தூக்கும்போது பாடும் அழைப்பைக் கேட்டேன். பலர் சேர்ந்து ஒரே நொடியில் தூக்க வேண்டும். ஒருவர் அழைப்பார், மற்றவர்கள் ‘ஐலசா’ என்று மறுமொழி தந்து தூக்குவார்கள். மறுமொழி அவருக்கு நினைவிருந்தது, எனக்கும் நினைவிருக்கிறது. அழைப்பின் அடிகள் நினைவில்லை. ‘அதெல்லாம் உங்கப்பா சொல்றது தம்பி, நாங்க தூக்கறவங்க’ என்றார்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ரயில்வேயில் வேலை செய்த முதியவர் எவரேனும் இருந்தால், அவரிடம் நான்கு வினாக்கள் கேளுங்கள். தண்டவாளத்தில் விரிசல் கண்டால் என்ன சொல்லிக் குரல் கொடுத்தீர்கள்? ஓட்டுநர் வாங்கும் அந்த வளையத்துக்கு என்ன பெயர்? இரவுக் காவலை எப்படிச் சொல்வீர்கள்? தூக்கும்போது முதலில் குரல் கொடுத்தவர் யார், என்ன சொன்னார்? விடையை அவர் சொன்னவாறே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம். ஆசிரியர்கள் இதைப் பாடத்திட்டத்தில் எங்கே பொருத்துவது என்று கவலைப்பட வேண்டாம். வாய்மொழிப் பயிற்சி என்று குறித்துக்கொள்ளலாம்.

கூட்டம் முடிந்ததும் நான் வாசலருகே மேசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பேன். முகவரியும் பெயரும் தந்தால் நானே வந்து கேட்டுக்கொள்கிறேன். வார நாள்களில் காலை வேளை எனக்கு வசதி.